சுனாமி கொண்டுபோன ஆல்பம்

அருள்மொழிக்குப் பத்து வயது முடிவதற்குள் ஏழு மொட்டை போட்டாகிவிட்டது. முதல் மொட்டை வைத்தீஸ்வரன் கோயிலில். குலதெய்வம் என்றார்கள், சரி. அடுத்தது திருவந்திபுரம். அப்புறம் திருப்பதி, சமயபுரம், மேல்மலையனூர், மறுபடியும் திருவந்திபுரம். ஏழாவது வேளாங்கண்ணி. திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத தில்லைநாதன் தன் பெண்ணுக்கு வேளாங்கண்ணியில் என்ன வேண்டிக்கொண்டிருப்பார் என்று கடலூர் புதுப்பாளையத்தின் அந்தக் குறுக்குத் தெரு ஒரு வாரம் மூளையைக் கசக்கியது. அவ்வளவு கசக்கியிருக்க வேண்டாம். அந்தப் பெண்ணின் தலையில் முடி இரண்டு விரற்கடை ஏறினால் போதும், எந்தச் சாமிக்காவது பாக்கி இருக்கும் வேண்டுதல் ஒன்று அந்த வீட்டாருக்கு ஞாபகம் வந்துவிடும்.

முடி அப்படி. எண்ணெய்க்கு அடங்காது, சீப்புக்கு வழிவிடாது. மிளகு மிளகாகச் சுருண்டுகொண்டு, வளர வளரத் தோளுக்கு இறங்காமல் வானத்தைப் பார்த்து எழும்பும்.

"நெறத்துல ஒண்ணும் இல்ல, நம்ம ஊரு நெறந்தான். முடிதான் வேற ஊரு," என்பாள் எதிர்வீட்டு ஞானாம்பாள்.

ஞானாம்பாள் சாமானியப்பட்டவள் அல்ல. யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதைக் கேட்டே அந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதைச் சொல்லிவிடுவாள். தினமும் பதினோரு மணிக்கு அருள்மொழியின் அம்மா மங்கலத்தின் சமையல்கட்டுக்கு வருவாள். மூலையிலிருக்கும் அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடிப்பாள். மங்கலம் காபி கொடுப்பாள், முறுக்கு கொடுப்பாள், பேச்சு மட்டும் கொடுக்க மாட்டாள். அதனால் ஞானாம்பாளுக்கு அந்த வீட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மூன்றே சங்கதி. ஒன்று, கைக்குழந்தையோடு சிதம்பரத்திலிருந்து குடிவந்தவர்கள். இரண்டு, கம்மாபுரத்தில் இருக்கும் மங்கலத்தின் பிறந்த வீட்டிலிருந்து ஒரு காக்கா குருவிகூட எட்டிப் பார்த்ததில்லை. மூன்றாவதுதான் அவளைத் தூங்கவிடாதது: மங்கலம் புருஷனை "சார்" என்று கூப்பிடுவாள்.

"கட்னவன யாராச்சும் சார்னு கூப்புடுவாங்களா? மாமான்னு கூப்புடுவாங்க, ஏங்கன்னு கூப்புடுவாங்க. சண்டையில நான் வேற மாரியும் கூப்புட்டிருக்கேன். சாராம்ல!"

தில்லைநாதன் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு மேசை, ஒரு மர ஸ்டூல். இன்னார் குமாரர் இன்னார், அவர் பேரர் இன்னார் என்று ஊரில் இருக்கிற மனை ஒவ்வொன்றுக்கும் மூன்று தலைமுறை எழுதுகிற மனுஷன். தன் வீட்டில் ஒரு கல்யாண போட்டோகூட மாட்டியிருக்கவில்லை.

2004 டிசம்பரில் அரைப் பரீட்சை லீவு விட்ட நேரம், அருள்மொழிக்குப் பதின்மூன்று வயது. மொட்டை நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. மொட்டையோடு போனபோது பள்ளிக்கூடத்தில் "பழனி" என்றார்கள். முடி வளர்ந்ததும் "குருவிக்கூடு" ஆகிவிட்டாள். தெருக்குழாயில் குடத்தோடு நின்றவளை ஞானாம்பாள் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏண்டி, நீ யாரு ஜாடை? அப்பன் ஜாடையும் இல்ல, ஆத்தா ஜாடையும் இல்ல. உங்கம்மா கல்யாண ஆல்பத்த எடுத்தாயேன். சொந்தக்காரங்க மூஞ்சியில எங்கனா இருப்ப. நான் கண்டுபுடிச்சிச் சொல்றேன்."

கேலிதான். ஆனாலும் அருள்மொழிக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. எங்கோ ஒரு அத்தைக்கோ மாமாவுக்கோ இதே மூக்கு, இதே முடி இருக்கும். அந்த ஒரு முகத்தைப் பார்த்துவிட்டால் போதும். அம்மாவிடம் கேட்டாள். "தேடி எடுத்துத் தரேன்," என்றாள் மங்கலம். அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது.

தேவனாம்பட்டினம் மூன்று கிலோமீட்டர்தான். அன்றைக்குத் தெருவே ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடியது, சோறு பொங்கிக் கொண்டுபோனது, அழுதது. அதையெல்லாம் கேலி பேச முடியாது. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்த பிறகு, ஒருநாள் மெல்ல, "அம்மா, அந்த ஆல்பம்?" என்றாள் அருள்மொழி.

மங்கலம் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அது சுனாமியில போச்சுடி."

இந்தப் பதிலோடு போய் நின்றவளை ஞானாம்பாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"சுனாமி நம்ம தெருவுக்கு எப்படீ வந்துச்சு? நான் எங்க போயிருந்தேன்?"

"இங்க இல்ல. ஜான்சி அக்கா வீட்டுல இருந்துச்சாம். ஜாக்கெட் மாடல் பாக்க வாங்கிட்டுப் போனாங்களாம்."

ஜான்சி தேவனாம்பட்டினத்துத் தையல்காரி, மங்கலத்தின் ஒரே சிநேகிதி. ஆனால் பதினான்கு வருஷத்துக்கு முந்திய ஜாக்கெட்டில் என்ன மாடலைப் பார்ப்பது? ஞானாம்பாள் விடுகிற ஆளா? பழைய புடவை நாலைத் தூக்கிக்கொண்டு நிவாரண முகாமுக்கே போய்விட்டாள். ஜான்சியின் வீடு இல்லை, புருஷன் ஆரோக்கியராஜின் படகு இல்லை. சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த ஜான்சி, கேள்வி காதில் விழுந்ததும் ஞானாம்பாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமாக்கா. என் மிஷினோட சேந்து போச்சு அந்த ஆல்பமும். மங்கலத்துக்கிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க."

வீட்டையே பறிகொடுத்தவள் முன்னால் ஒரு ஆல்பத்துக்காக வாயாட முடியுமா? ஞானாம்பாள் புடவையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அருள்மொழிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரே பிணம் தேடுகிற நேரத்தில் நான் போட்டோ தேடினேனே என்று அதற்கப்புறம் ஏழு வருஷம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

முடியை மட்டும் எண்ணெயும் கிளிப்பும் போட்டு மண்டையோடு இறுக்கிக்கொண்டாள். நர்சிங் படிக்கப் போன பிறகு நாலு மாசத்துக்கு ஒருதரம் பியூட்டி பார்லரில் ஸ்ட்ரெயிட்டனிங். அந்தக் கிரீம் நாற்றம் இரண்டு நாளைக்கு வீட்டை விட்டுப் போகாது. காசு தில்லைநாதன்தான் கொடுப்பார். இந்த வேண்டுதல் எந்தக் கோயிலுக்கு என்று மட்டும்தான் கேட்கவில்லை.

2011 முடிகிற சமயம் 'தானே' என்று பெயர் வைத்த புயல் வந்தது. கடலூரில் மரம் மிச்சமில்லை, கரண்ட் பதினைந்து நாளைக்கு மேல் இல்லை. தில்லைநாதன் வீட்டு ஓடு பாதி பறந்து, பரண் நனைந்துவிட்டது. எதிர்வீட்டுக் கூரையும் போயிருந்ததால் ஞானாம்பாள் தன் பாத்திரம் பண்டங்களோடு இங்கேயே வந்து தங்கியிருந்தாள். மங்கலம் வெளியே ஓடு பொறுக்க, அருள்மொழி ஏணி போட்டு ஏறிப் பரணில் இருந்ததை ஒவ்வொன்றாக இறக்கினாள். பித்தளை அண்டா ஒன்று. அதற்குள் பழைய போர்வை. போர்வைக்குள் சிவப்பு வெல்வெட் அட்டை போட்ட சின்ன ஆல்பம்.

ஏணியில் நின்றபடியே திறந்தாள். முதல் பக்கத்தில் மணமக்கள் பெயர், அதன் கீழே 12-9-91 என்று தேதி. மொத்தம் எட்டு போட்டோ. நாலாவதில் மாலையும் கழுத்துமாக அம்மாவும் அப்பாவும் நிற்கிறார்கள். அம்மா சிரிக்கவில்லை. பின்னால் ஒருத்தி கையில் குழந்தை. குழந்தையின் தலை நிறைய மிளகு மிளகாகச் சுருள்.

அருள்மொழியின் பிறந்த நாள் ஜூன் மூன்று, 1991. வருஷா வருஷம் கேசரி கிண்டுகிற வீடு அது.

"என்னாடி அது?" என்று கீழேயிருந்து குரல்.

"நோட்டு பெரியம்மா. பழைய நோட்டு."

"நோட்டுக்கு வெல்வெட்டு அட்டையா?"

அருள்மொழி துப்பட்டாவுக்குள் அதைச் செருகிக்கொண்டாள். ஞானாம்பாள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். அதிசயம், மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போர்வை காய்ந்ததும் ஆல்பத்தை அதிலேயே சுருட்டி அண்டாவுக்குள் வைத்துவிட்டாள். அப்போ ஜான்சி அக்காவும் பொய் சொல்லியிருக்கிறாள். ஊர் முழுக்கச் செத்துக்கிடந்த நேரத்தில் இவர்களுக்கு அந்தச் சாவு ஒரு சாக்காக அகப்பட்டிருக்கிறது. ஆத்திரம் வந்தது. ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். வந்துவிட்டால், காலையில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு "பாப்பா, டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டியா" என்று கேட்கிற மனுஷனை அப்பா என்று கூப்பிட வாய் எழும்புமா? அந்தப் பயத்தில் ஆறு மாசம் போனது.

அப்புறம் மஸ்கட் வந்தது. படிப்பு முடிந்ததும் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் பாஸ்போர்ட் வேண்டும். எண்பத்தொன்பதுக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பாஸ்போர்ட் கிடையாது. இனிஷியலையும் சும்மா ஒரு எழுத்தாக விடக்கூடாதாம், முழுப் பெயராக விரித்து எழுத வேண்டுமாம். வீட்டில் இருந்ததோ பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட் மட்டும், தி.அருள்மொழி என்று.

"நான் சிதம்பரம் போயி வாங்கியாரேன்," என்றார் தில்லைநாதன்.

போனார். ஆபீசர் லீவு என்று வந்தார். மறுபடி போனார். ரெக்கார்டு ரூம் சாவி இல்லை என்று வந்தார். மூன்றாம் தடவை கம்ப்யூட்டர் ரிப்பேர். யாருக்கோ நூறு வருஷத்து வில்லங்கத்தைச் சாயந்திரத்துக்குள் எடுத்துக் கொடுக்கிறவருக்குத் தன் பெண்ணின் ஒரு தாளை எடுக்க முடியவில்லை. தெருவுக்கே இது விளங்கவில்லை. அருள்மொழிக்கு விளங்கியது.

"நாளைக்கு நானே போறேன்ப்பா."

மங்கலத்தின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "சார்... நீங்க சொல்லுங்க சார்."

தில்லைநாதன் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வெகுநேரம் பிசைந்தார்.

"நானும் கூட வரேன்," என்றார் கடைசியில்.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றுவார், மாட்டுவார். புதுச்சத்திரத்தில் கடலை மிட்டாய் விற்றவனிடம் ஒரு பாக்கெட் வாங்கி அவள் மடியில் வைத்தார். பிரிக்காமலே சிதம்பரம் வந்தது.

நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் கலியமூர்த்தி என்று ஒரு கிளார்க். பெரிய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டுவந்து மேசையில் போட்டார். தூசி பறந்தது.

"மூணு, ஆறு, தொண்ணூத்தொண்ணு... இந்தா இருக்கு. பேரு போடலியேம்மா? வெறும் பெண் குழந்தைன்னுதான் இருக்கு. அம்மா மங்கலம். அப்பா..."

நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அருள்மொழியைப் பார்த்தார், அவள் தலையைப் பார்த்தார். போன வாரம்தான் பார்லர் போக வேண்டியிருந்தது. போகவில்லை, வேர்ப்பக்கம் சுருள ஆரம்பித்திருந்தது. பிறகு தில்லைநாதனைப் பார்த்தார்.

"சார் யாரு?"

முப்பது வருஷமாக இன்னாருக்கு இன்னார் என்ன உறவு என்று எழுதிப் பிழைக்கிற மனுஷன் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

"தகவல் கொடுத்தவர்னு கீழ ஒரு கையெழுத்து இருக்கு. தில்லைநாதன்னு."

"அது நான்தான்."

"சரி. ஆனா அப்பா நீங்க இல்லியே?"

அருள்மொழி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். ஜோசப் கிமானி. மாணவர். கென்யா. மூன்று தடவை படித்தாள். அதற்குக் கீழே, பள்ளிக்கூட ரேங்க் கார்டில் எல்லாம் பார்த்த அதே கையெழுத்து, கடைசி எழுத்தை இழுத்து வால் விட்டுக்கொண்டு.

கலியமூர்த்தி நல்ல மனுஷர். வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பேர் சேக்கணும்னா ஃபாரம் எழுதிக் குடுக்கணும். அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போடணும். அதாவது, பதிவுல இருக்கறவங்க. அம்மா வர முடியுமா?"

மங்கலம் சிதம்பரத்தில் கால் வைத்து இருபது வருஷம் ஆகிறது. தில்லைநாதன் வெளியே வந்து போன் போட்டார். "மங்கலம், பாத்துட்டா. நீ வரணும்," என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, "வரணும்," என்று மறுபடியும் சொன்னார்.

அவள் வந்து சேர இரண்டு மணி நேரமாகும். ஆபீஸ் வளாகத்தில் புங்கமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு. ஒரு முனையில் அவர், மறு முனையில் இவள். நடுவில் பிரிக்காத கடலை மிட்டாய்.

"யாருப்பா அது?"

அப்பா என்ற சொல் பழக்கத்தில் வந்துவிட்டது. வந்ததும் இரண்டு பேருமே அதைக் கவனித்தார்கள்.

"அண்ணாமலை நகர்ல உங்கம்மா எஸ்டிடி பூத்துல வேல பாத்தா. நான் பக்கத்துல மேஜை போட்டு ஃபாரம் எழுதுவேன். அவன் ஞாயித்துக்கெழமயானா ஊருக்குப் பேச வருவான். படிக்க வந்த புள்ள."

"எப்படி இருப்பாரு?"

தில்லைநாதன் அவளைப் பார்த்தார். "கண்ணாடியில பாரு," என்றார். அப்புறம் அவசரமாக, "நல்ல பையன்தான். அப்பாவுக்கு முடியலன்னு தந்தி வந்து போனான். வரேன்னுதான் போனான். உங்கம்மா உண்டாயிருந்தது அவனுக்குத் தெரியும்."

"வரல."

"வரல. கம்மாபுரத்துல தலமுழுகிட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஆட்டோ புடிச்சேன்."

"அப்ப ஒங்க பேரையே போட்டிருக்கலாமில்ல?"

"அன்னிக்கு எனக்கு என்னா உரிமை? உங்கம்மா கட்டில்லேர்ந்து சொன்னா, 'சார், அவுரு பேர எழுதுங்க, வந்துடுவாரு'ன்னு. வந்து பாத்தா பேர் இருக்கணுமில்ல?"

"கல்யாணத்துக்கப்புறம்?"

"மூலப் பத்திரத்த அழிச்சிட்டு மேல எழுதி எனக்குப் பழக்கமில்ல, பாப்பா. நான் அழிச்சா அந்தாளு இல்லவே இல்லன்னு ஆயிடும். ஒருநாள் நீ தேடுவ, அப்ப இருக்கணும்னு விட்டுட்டேன்." பேனா மூடியைக் கழற்றினார். "ஆனா, உங்கிட்ட காட்ட தைரியம் வரல. பாத்துட்டு நீ என்னிய எப்படி கூப்புடுவியோன்னு..."

"மொட்ட யாரு ஐடியா?"

அவர் மூடியை மறுபடி மாட்டினார்.

"ஏழு தடவ. பழனின்னு கூப்புட்டாங்க ஸ்கூல்ல. தெரியுமா?"

"தெரியும். கொண்டாந்து விடறப்ப காதுல உழுந்துச்சு."

"உழுந்துமா அடுத்த வருசமும் கூட்டிட்டுப் போனீங்க?"

"தெருவுல கேக்க ஆரம்பிச்சா உங்கம்மா தாங்க மாட்டான்னு நெனச்சேன். நீ தாங்கணுமேன்னு நெனைக்கல." பேனாவைப் பைக்குள் செருகினார். "தப்புதான்."

அருள்மொழி எழுந்து மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். இப்படியே பஸ் ஏறிப் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போனால் அவர் தடுக்க மாட்டார் என்பதுதான் இன்னும் கோபமாக இருந்தது. திரும்பி எட்டிப் பார்த்தாள். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். கடலை மிட்டாயை வெயில் படாமல் தன் நிழலுக்கு நகர்த்தி வைத்திருந்தார்.

ஒரு மணிக்கு வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. முதலில் இறங்கியது மங்கலம் இல்லை, ஞானாம்பாள்.

"என்னா அப்புடி பாக்கறீங்க? இது பஸ் ஸ்டாண்டுல நின்னு அழுவுது. ஒத்தையில எப்படி அனுப்பறது?" என்றாள் தில்லைநாதனிடம். இருபது வருஷம் தவம் கிடந்தவள், வரம் கிடைக்கிற அன்றைக்கு வீட்டில் இருப்பாளா?

மங்கலம் கண் வீங்கியிருந்தாள். அருள்மொழியின் கையைப் பிடிக்கப் போனவள், பிடிக்காமல் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "திட்டுடி. எதாச்சும் சொல்லித் திட்டு," என்றாள்.

"மொதல்ல கையெழுத்துப் போடும்மா."

ஃபாரத்தைக் கலியமூர்த்தி நீட்டினார். மேசையைச் சுற்றி நாலு பேர். ஞானாம்பாள் பதிவேட்டைத் தலைகீழாகவே படித்துவிட்டாள் என்பது அவள் வாய் பிளந்ததிலிருந்து தெரிந்தது.

"பேரு சொல்லும்மா, இனிஷியலோட."

"தி. அருள்மொழி."

"அது எப்படிம்மா? அப்பா பேரு ஜோசப்புன்னு இருக்கு. ஜே தான வரணும்?"

தில்லைநாதன் ஒரு அடி பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். கோர்ட்டில் தீர்ப்புக்கு நிற்கிற மாதிரி இருந்தது அந்த நிற்பு. மங்கலம் அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். ஞானாம்பாளுக்கே மூச்சு வாங்கியது.

ஜே என்று எழுதினால் பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாச் சர்ட்டிபிகேட்டும் பொய்யாகிவிடும். தி என்று எழுதினால் இந்தப் பதிவேடு பொய்யாகிவிடும். அருள்மொழி ஃபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் என்ற கட்டம் நீளமாக, காலியாக இருந்தது.

"சார், இந்தக் கட்டத்துல என் பேரா எத வேணாலும் எழுதலாமா?"

"உன் பேரு, உன் இஷ்டம். அப்பா கட்டத்தத் தொட முடியாது, அவ்வளவுதான்."

"தொட வேணாம் சார். அது அப்படியே இருக்கட்டும்." கையைப் பின்னால் நீட்டினாள். "அப்பா, பேனா குடுங்க."

சுவரோரம் நின்றவர் அசையவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்பது புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மூடியைக் கழற்றத் தெரியாமல் தடுமாறினார், ஆயிரம் பத்திரம் எழுதிய மனுஷர்.

அவள் எழுதினாள்: அருள்மொழி தில்லைநாதன். இனிஷியல் இல்லை, புள்ளி இல்லை. கட்டம் சரியாக நிறைந்தது.

கலியமூர்த்தி படித்துப் பார்த்தார், பதிவேட்டையும் பார்த்தார். "பாஸ்போர்ட்டுல அப்பா பேரு கிமானின்னு வரும், உன் பேர்ல தில்லைநாதன் வரும். நாலு பேரு கேப்பாங்கம்மா."

"இத்தன நாளு மட்டும் கேக்காமயா இருந்தாங்க?" என்றாள் அருள்மொழி. ஞானாம்பாள் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அருள்மொழியும் மங்கலமும் ஒரு சீட்டில், பின் சீட்டில் தில்லைநாதன், முன் சீட்டில் ஞானாம்பாள். கடலை மிட்டாயைப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள் அருள்மொழி. முட்லூர் வரைக்கும் ஞானாம்பாள் வாயைத் திறக்கவில்லை. கடலை மிட்டாய் காரணமாக இருக்கலாம்.

முட்லூர் தாண்டியதும் அருள்மொழி அம்மாவிடம் கேட்டாள்: "ஒரு லெட்டர் வந்துச்சாமே? அப்பா சொல்லல, ஆபீஸ்ல கையெழுத்துப் போடறப்ப நீதான் முணுமுணுத்த, 'லெட்டர்லகூட புள்ள பேரு கேட்டாரே'ன்னு."

மங்கலம் வெளியே பார்த்தாள். "உனக்கு ஒரு வயசு இருக்கும். சிதம்பரத்து அட்ரசுக்கு வந்து, அங்கேர்ந்து திருப்பி விட்டாங்க. பதில் போடல. அதுக்குள்ள கல்யாணம் ஆயிடுச்சே."

"அது எங்க இப்ப?"

"அது சுனா..."

நிறுத்திக்கொண்டாள். பின் சீட்டில் தில்லைநாதன் இருமினார். முன் சீட்டில் ஞானாம்பாளின் தலை திரும்பாமலே காதுமட்டும் பின்னால் வந்தது. பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. அருள்மொழி அம்மாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அரிசி டிரம்முக்கு அடியில," என்றாள் மங்கலம். "பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வெச்சிருக்கேன்."

ஞானாம்பாள் கையிலிருந்த கடலை மிட்டாய் கீழே விழுந்தது. இருபது வருஷமாக அதன் மேல் உட்கார்ந்துதான் அவள் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.